இருபத்து நாலு இன்ச்சுக்கு எதுக்கய்யா வளைவு?

முதல்லயே சொல்லிடுறேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் இல்லை. பி.காம் மூணாவது வருஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு டாலி என்ட்ரி போட்டுக் கொடுக்கிறவன். மாசம் ஆறாயிரம் ரூபாய். 26 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 230 ரூபாய் சொச்சம். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

என்கிட்ட இருந்தது ஒரு பழைய 14 இன்ச் லேப்டாப். அதுல டாலியைத் திறந்து, பக்கத்துல பில்லோட பி.டி.எஃப்பைத் திறந்து, ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்து என்ட்ரி போட்டா கழுத்து போயிடுது. அதனால நாலு மாசமா காசு சேர்த்து ஒரு மானிட்டர் வாங்கலாம்னு முடிவு பண்ணினேன். வகுப்புல சொன்னதுதான் தாமதம். "மச்சி, வாங்கினா கர்வ்டு வாங்கு. பிளாட்டெல்லாம் பழைய காலம்டா" அப்படின்னு பக்கத்து பெஞ்ச் நண்பன் ஆரம்பிச்சான். அவன் ஏற்கெனவே ஒரு 24 இன்ச் கர்வ்டு வாங்கி ஸ்டேட்டஸ் போட்டவன். அப்புறம் ஒவ்வொருத்தனா சேர்ந்துக்கிட்டானுங்க. பத்து பேர்ல ஒன்பது பேர் கர்வ்டு கட்சி. ஏன்னு கேட்டா ஒருத்தன்கூட ஒழுங்கா பதில் சொல்லலை. "சூப்பரா இருக்கும்டா", இதுதான் காரணம்.

சரி, கடைக்குப் போய்ப் பார்த்துடுவோம்னு ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடை பேர் வேண்டாம், பாவம், அவரும் பொழைக்கணும். ரெண்டு மானிட்டரைப் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாங்க. கர்வ்டு மானிட்டர்ல நீலக் கடலும் கலர் கலரா மீனும் ஓடிக்கிட்டு இருக்கு. பிளாட் மானிட்டர்ல என்ன தெரியுமா? விண்டோஸ் செட்டிங்ஸ் பக்கம்! வெள்ளை வெளேர்னு. பொண்ணு பார்க்கப் போற இடத்துல அக்காவுக்குப் பட்டுப்புடவையும் தங்கச்சிக்கு நைட்டியும் கட்டி நிறுத்தின மாதிரி.

"தம்பி, ஒரு தடவை கர்வ்ல உக்காந்துட்டீங்கன்னா அப்புறம் பிளாட் பக்கமே போக மாட்டீங்க" அப்படின்னாரு கடைக்காரர்.

"அண்ணே, ரெண்டுலயும் எக்ஸெல் திறந்து காட்டுங்க" அப்படின்னேன்.

மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. ஆனா திறந்தாரு. திறந்ததும் மீன் செத்துப்போச்சு. ரெண்டுலயும் அதே கட்டம், அதே நம்பர். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, கர்வ்டுல மேல்கோடு லேசா தொய்ஞ்ச மாதிரி தெரிஞ்சுது. நாலு நாள்ல பழகிடும்னாரு. பழகிடும்தான். ஆனா காசு கொடுத்து வாங்கி அப்புறம் பழகிக்க வேண்டிய ஒண்ணை வசதின்னு எப்படிச் சொல்றது?

விலை கேட்டேன். பிளாட் 8,500. கர்வ்டு 10,800. வித்தியாசம் 2,300 ரூபாய். என் கணக்குல பத்து நாள் சாயங்காலம். பத்து நாள் வேலையைக் கொடுத்து நான் என்ன வாங்குறேன்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா? வீட்டுக்கு வந்து ஸ்கேலும் கால்குலேட்டருமா உக்காந்தேன்.

அட்டைப்பெட்டியில 1800ஆர்னு போட்டிருந்தது. நிறைய பேர் இதை ஏதோ மாடல் நம்பர்னு நினைக்கிறாங்க. விஷயம் சிம்பிள். 1800 மில்லிமீட்டர் ஆரம் உள்ள ஒரு பெரிய வட்டத்தை வரைஞ்சு, அதுல ஒரு துண்டை வெட்டி எடுத்தா என்ன வளைவு வருமோ அதுதான் இந்தத் திரையோட வளைவு. நம்பர் குறையக் குறைய வளைவு அதிகம். 1500ஆர், 1000ஆர் எல்லாம் உண்டு. எல்ஜி நிறுவனத்தோட 45 இன்ச் ஓலெட் ஒண்ணு 800ஆர் வரைக்கும் போயிருக்கு.

இப்போ விளம்பரத்துல என்ன சொல்றாங்க? "திரையோட எல்லாப் புள்ளியும் உங்க கண்ணுல இருந்து ஒரே தூரம்." உண்மைதான், எப்போ? நீங்க அந்த வட்டத்தோட மையத்துல உக்காந்தா. 1800ஆருக்கு மையம் எங்க இருக்கு? 1.8 மீட்டர் தள்ளி! ஆறடி தூரத்துல உக்காந்து 24 இன்ச் திரையில டாலி பார்க்கிற ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க, கால்ல விழுறேன். நாம உக்கார்றது 60 செ.மீ. தூரத்துல. அங்க இருந்து பார்த்தா அந்த ஒரே தூரம் கதை நடக்காது.

நடக்கிறது என்ன? 24 இன்ச்னு விக்கிற திரையோட அகலம் ஏறத்தாழ 52 செ.மீ. நடுவுல இருந்து ஓரத்துக்கு 26. பிளாட்டா இருந்தா, 60 செ.மீ. தள்ளி உக்கார்ற எனக்கு நடுப்புள்ளி 60 செ.மீ. தூரம், ஓரம் 65.4 செ.மீ. தூரம். பத்தாம் கிளாஸ் பித்தகோரஸ்தான், வேற ஒண்ணும் இல்லை. 1800ஆர் வளைவுல ஓரம் முன்னாடி வர்ற அளவு சுமார் 19 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் காசோட அகலம்கூட இல்லை! அப்போ ஓரத்தோட தூரம் 63.7 செ.மீ. ஆகுது. அதாவது 65.4 இருந்தது 63.7 ஆச்சு. லாபம் 17 மில்லிமீட்டர்.

2,300 ரூபாய், 17 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 135 ரூபாய். சென்னையில நிலம்கூட இப்படி விக்கலை :-)

இதுல இன்னொண்ணு. அந்த 2,300ல சுமார் 351 ரூபாய் 18% ஜிஎஸ்டி. கம்பெனி வாங்கினா உள்ளீட்டு வரி வரவுன்னு எடுத்துக்கும். நான் கடைசி நுகர்வோன், எனக்கு அது கிடையாது. அந்த வளைவுக்கு வரியும் நானே கட்டணும்.

"இருடா, கண்ணு வலிக்காதுல்ல?" அப்படின்னான் நண்பன். இதுதான் கர்வ்டு கட்சியோட பெரிய ஆயுதம். கண்ணுன்னு சொல்லிட்டா எல்லாரும் பயந்துடுவோம். பி.எஸ்ஸி பிசிக்ஸ் படிக்கிற ஒரு நண்பன்கிட்ட இதைக் கேட்டேன். அவன் பேப்பர்ல போட்டுக் காட்டினான். 60 செ.மீ. தூரத்துல இருந்து 65.4 செ.மீ. தூரத்துக்குக் கண்ணு ஃபோகஸ் மாத்தணும்னா தேவைப்படுற மாற்றம் சுமார் 0.14 டயாப்டர். வளைஞ்ச திரையில அது சுமார் 0.1. கண்ணாடிக் கடையில பவர் எப்படி ஏறும்? 0.25, 0.50, 0.75னு கால் கால்தான். அதுக்குக் கீழ சாதாரணமா கண்ணாடியே போடுறது இல்லை. அந்தக் கால் பவர்ல பாதி சொச்சம் இருந்த ஒண்ணை இன்னும் கொஞ்சம் குறைச்சுட்டு கண்ணைக் காப்பாத்திட்டேன்னு சொன்னா என்ன அர்த்தம்?

கண்ணு எரியறதுக்கு முக்கியமான காரணம் ஒண்ணு நாம சிமிட்ட மறந்துடுறது. சாதாரணமா நிமிஷத்துக்குப் பதினஞ்சு தடவை போல சிமிட்டுற கண்ணு, திரையைப் பார்க்கும்போது அதுல பாதிக்கும் கீழ போயிடுது. கண்ணு காயுது, எரியுது. அதுக்கு வைத்தியம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய பார்க்கிறது. விலை பூஜ்யம் ரூபாய். திரை வெளிச்சத்தைக் குறைச்சு வைக்கிறது, முதுகுக்குப் பின்னாடி ட்யூப் லைட் இல்லாம உக்கார்றது, இதுவும் இலவசம். வளைஞ்ச திரையில அந்த ட்யூப் லைட் பட்டா பிரதிபலிப்பு இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நீளமா வேற தெரியும்.

இதுக்காக வளைவே வேஸ்ட்டுனு நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னா நானும் "சூப்பரா இருக்கும்டா" கோஷ்டி மாதிரிதான். பெரிய திரையில வளைவுக்கு வேலை இருக்கு. 34 இன்ச் அல்ட்ராவைடு எடுத்துக்குங்க. அகலம் 80 செ.மீ. பிளாட்டா இருந்தா ஓரம் நடுவை விட 12 செ.மீ. தள்ளிப் போயிடும். ஓரத்தை நாம பார்க்கிற சாய்வு 34 டிகிரி கிட்ட. அதையே 1800ஆர்ல வளைச்சா சாய்வு 23 டிகிரிக்கு இறங்குது. நல்ல விஷயம்தான். ஆனா வேடிக்கை என்னன்னா, 24 இன்ச் பிளாட் திரையில அந்த ஓரத்துச் சாய்வு எவ்வளவு தெரியுமா? அதே 23 டிகிரி! அதாவது 34 இன்ச்காரன் காசு கொடுத்து வளைச்சு எங்க வந்து நிக்கிறானோ, அங்க நாம 24 இன்ச் பிளாட்டை வச்சுக்கிட்டு ஏற்கெனவே சும்மா நிக்கிறோம். வளைவுங்கிறது அகலத்தால வர்ற நோய்க்கு மருந்து. நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மருந்து?

சினிமாவுலயும் இதே கதைதான். 1952ல அமெரிக்காவுல சினிரமான்னு ஒண்ணு வந்தது. மூணு புரொஜக்டர், சுத்தி வளைச்சுக் கட்டின ராட்சசத் திரை. அவ்வளவு அகலத்துக்கு அந்த வளைவு தேவைப்பட்டது. அதைப் பார்த்துட்டு ஒருத்தன் வீட்டு போட்டோ ஃப்ரேமை வளைச்சு வித்தா எப்படி இருக்கும்?

இன்னொரு கூத்து கேளுங்க. எங்க அப்பா 2003ல தவணை கட்டி ஒரு டிவி வாங்கினாரு. அப்போ டிவி எல்லாம் வயிறு முன்னாடி தள்ளிக்கிட்டு இருக்கும். 1990களோட கடைசியிலதான் தட்டைத் திரை குழாய் டிவிகள் வர ஆரம்பிச்சுது. எல்ஜி ஃப்ளாட்ரான், சோனி வேகா எல்லாம் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இருக்கும். "தட்டையா இருக்கு, ஓரத்துல படம் வளையாது, கண்ணுக்கு நல்லது" அப்படின்னு சொல்லித்தான் எங்க அப்பாகிட்ட கூடுதலா காசு வாங்கினாங்க. இருபது வருஷம் கழிச்சு அவர் புள்ளைகிட்ட "வளைஞ்சு இருக்கு, கண்ணுக்கு நல்லது"ன்னு காசு கேக்கிறாங்க. அது வெளிப்பக்கம் வளைஞ்சது, இது உள்பக்கம் வளைஞ்சது, ரெண்டும் ஒண்ணு இல்லைதான். ஒத்துக்கிறேன். ஆனா பேச்சு மட்டும் அட்சரம் பிசகாம அதே பேச்சு!

ஏன் இப்படி விக்கிறாங்கன்னு எங்க பாடப் புத்தகத்துலயே இருக்கு. சேம்பர்லின் 1933ல எழுதின முற்றுரிமைப் போட்டி பத்தின புத்தகத்துல இருந்து வந்த விஷயம், பொருள் வேறுபாடு. எல்லாரும் ஒரே மாதிரி 24 இன்ச் முழு எச்டி பேனலை விக்கிறாங்க. வித்தியாசம் இல்லைன்னா விலையில மட்டும்தான் அடிச்சுக்கணும், லாபம் போயிடும். அதனால கடையில பத்தடி தூரத்துல இருந்து பார்த்தாலே "இது வேற"ன்னு தெரியற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். நல்ல பேனல் கண்ணுக்குத் தெரியாது. வளைவு தெரியும். அவ்வளவுதான். செமஸ்டர்ல பதினாறு மார்க் கேள்விக்கு இதைப் பக்கம் பக்கமா எழுதுறோம். எழுதிட்டு வெளிய வந்து நாமளே போய் ஏமாறுறோம். அப்புறம் எதுக்கு அந்தப் படிப்பு?

இதுவரைக்கும் சொன்னது காசு கணக்கு. எனக்கு உண்மையில உறைச்சது வேற.

எங்க வீடு ஒரு ஹாலும் சமையலறையும். மானிட்டர் வைக்கிறதுக்கு இருக்கிற ஒரே இடம் அம்மாவோட தையல் மெஷினுக்குப் பக்கத்துல இருக்கிற மேஜை. அம்மா ஜாக்கெட் தைக்கிறாங்க. கஸ்டமர் புடவையோட போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, அம்மா அதைப் பெருசா திரையில பார்த்து நூல் கலர் எடுப்பாங்க. மெஷினை விட்டு எழுந்துக்க மாட்டாங்க, பக்கவாட்டுல இருந்தே பார்ப்பாங்க. தங்கச்சி பிளஸ் டூ, கீழ பாயில உக்காந்து பாட வீடியோ பார்ப்பா. ராத்திரி அப்பா வந்தா நியூஸ். ஆக ஒரு திரைக்கு நாலு ஆளு, நாலு கோணம்.

சின்ன, விலை குறைஞ்ச கர்வ்டு மானிட்டர்கள் பெரும்பாலும் விஏ பேனல்ல வருது. ஐபிஎஸ் பேனலை வளைச்சா ஓரத்துல வெளிச்சம் கசியற தொல்லை அதிகம். வளைஞ்ச ஐபிஎஸ் இருக்கு, ஆனா அதெல்லாம் பெரிய சைஸ், பெரிய விலை. விஏல கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும். ஐபிஎஸ்ல கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒண்ணுன்னா விஏல மூவாயிரத்துக்கு ஒண்ணு போல வரும். அது அதோட பலம். பலவீனம், பக்கத்துல இருந்து பார்த்தா நிறம் வெளுத்துடும். கடையிலேயே செஞ்சு பார்த்தேன். ஒரு அரக்குப் புடவை போட்டோவை ரெண்டு திரையிலயும் போடச் சொல்லி, அம்மா உக்கார்ற கோணத்துல போய் நின்னேன். ஐபிஎஸ் பிளாட்ல அரக்கு அரக்காவே இருந்தது. கர்வ்டுல அது வெளுத்த செங்கல் கலர். அந்தக் கலரைப் பார்த்து நூல் எடுத்தா அம்மாவுக்கு ஒரு கஸ்டமர் போயிடும்.

அப்போதான் புரிஞ்சுது. வளைஞ்ச திரைங்கிறது ஒரே ஒரு ஆளுக்காகச் செஞ்ச பொருள். நடுவுல, நேரா, தனியா உக்கார்ற ஒருத்தனுக்கு. தனி ரூம், தனி மேஜை, கதவைச் சாத்திக்கிட்டு கேம் ஆடுறவனுக்கு அது சரி. டிவியில இதே விஷயம் ஏற்கெனவே நடந்து முடிஞ்சாச்சு. 2013 சிஇஎஸ் கண்காட்சியில சாம்சங்கும் எல்ஜியும் வளைஞ்ச ஓலெட் டிவியைக் காட்டி உலகமே மாறப் போகுதுன்னாங்க. சில வருஷத்துல அந்த மோகம் அடங்கிப்போச்சு. இன்னைக்கு ஷோரூம்ல தேடினாலும் கிடைக்கிறது கஷ்டம். டிவியை ஒரு குடும்பம் சோபாவுல, தரையில, வாசப்படியிலன்னு உக்காந்து பார்க்குது. நடு இடம் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். நம்மள்ல பாதி பேர் வீட்டுல மானிட்டரும் அப்படித்தான்! தனி ரூம் வச்சிருக்கிறவன் எழுதுற விமர்சனத்தைப் படிச்சுட்டு, ஒத்த ஹால்ல இருக்கிற நாம அவனை மாதிரி வாங்கப் போறோம். நம்ம வீட்டுல அம்மா எங்க உக்காருவாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் 8,500 ரூபாய் பிளாட் ஐபிஎஸ்தான் வாங்கினேன். மிச்சம் 2,300ல பழைய ஃபர்னிச்சர் கடையில ஒரு சக்கர நாற்காலி, உயரம் ஏத்தி இறக்கலாம், 1,800 ரூபாய். கழுத்து வலி போனது திரையால இல்லை, அந்த நாற்காலியால. வாய்ப்புச் செலவுன்னா என்னன்னு மூணு வருஷம் படிச்சும் புரியாதது அன்னைக்குப் புரிஞ்சுது :-)

என் நண்பன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "நான் ஹாஸ்டல்ல தனியா, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு கேம் ஆடுறேன்டா, எனக்கு அந்தக் கறுப்பு பிடிச்சிருக்கு" அப்படின்னான். நியாயமான பதில். அவனுக்கு அது சரிதான். ஆனா கவனிச்சீங்களா, அவன் சொன்ன காரணம் விஏ பேனலுக்கான காரணம். வளைவுக்கான காரணம் இல்லை! பிளாட் விஏ வாங்கியிருந்தாலும் அதே கறுப்புதான் கிடைச்சிருக்கும்.

அதனால கடைக்குப் போற மக்களே, நாலு விஷயம் மட்டும் செய்ங்க.

1. அகலத்தை அளந்து பாருங்க. முக்கால் மீட்டருக்குக் கீழ இருந்தா வளைவை மறந்துடுங்க. அதுக்கு மேல போனா தாராளமா யோசிங்க.

2. "பேனல் ஐபிஎஸ்ஸா விஏவா?"ன்னு கேளுங்க. வளைவை விட இது பத்து மடங்கு முக்கியம்.

3. மீன் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்க. நீங்க தினமும் எதைப் பார்ப்பீங்களோ அதைத் திறக்கச் சொல்லுங்க. அப்புறம் உங்க வீட்டுல மத்தவங்க உக்கார்ற கோணத்துல போய் நின்னு பாருங்க.

4. விலை வித்தியாசத்தை உங்க ஒரு நாள் சம்பளத்தால வகுங்க. வர்ற விடையைப் பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

கர்வ்டும் பிளாட்டும் ஒரே விலைக்குக் கொடுத்தா வாங்கலாமான்னு ஒருத்தன் கேட்டான். தனியா உக்கார்றவன்னா வாங்கிக்கோ, தப்பில்லை. எனக்கு ஒரே விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். எங்க வீட்டுல நடுவுல உக்கார்றதுக்கு யாருக்கும் நேரம் இல்லை.